வெங்காயக் காய்ச்சல்

அம்மாவின் முதுமையைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. கண்டியில் ஒரு மண்டபத்தில் மகளிர் தினத்துக்கு வைத்த கவியரங்கம். இருபத்தைந்து வருஷமாகத் தமிழ் படிப்பிக்கிற டீச்சர் ஆயிற்றே, நீங்களும் ஒன்று எழுதி வாசியுங்கள் என்று கேட்டார்கள். 'தாயே, நீ குழந்தையானாய், நான் தாயானேன்' என்று தொடங்கிப் பதினாறு வரி எழுதினேன். கடைசி வரிக்கு இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு சால்வை போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் அதை வாங்கி மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குழந்தையாம், குழந்தை! குழந்தைக்கு முன்னால் நடந்தது என்று ஒன்றும் கிடையாது. என் அம்மாவிடம் அந்தக் காலத்தில் முன்னால் நடந்தது மட்டும்தான் மிச்சம் இருந்தது. குழந்தை நம் முகத்தைப் பார்த்தால் நம்மைத்தான் பார்க்கும். என் அம்மா என் முகத்தைப் பார்த்து, நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன என் அக்காவைப் பார்த்தாள். அதைக் கவிதையில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. பொய் எழுதினேன், கை தட்டினார்கள்.

அம்மா போய் இப்போது ஆறு வருஷம். இனிமேல் யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்பதால் உள்ளபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கட்டுக்கலையில், ஒரு சந்துக்குள் படி ஏறிப் போகிற மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து கண்டி ஸ்டேஷனுக்கு நடந்து கால் மணி நேரம். மழை இல்லாத காலையில் கோச்சி ஊதுகிற சத்தம் எங்கள் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் கேட்கும். நாங்கள் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்லுவோம். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது. ஒன்பது வயதுக்குப் பிறகு அதைக் கேட்டுப் பழக எனக்கு முடியவில்லை.

அம்மாவுக்கு மறதி வந்தது எண்பது வயதுக்குக் கிட்ட. முதலில் உப்பை மறந்தாள். பிறகு வெந்நீர் அடுப்பில் இருப்பதை மறந்தாள். பிறகு அப்பா இறந்துபோனதை மறந்து, அவருக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்தாள். டாக்டர், மூளை சுருங்குகிறது, மருந்து கிடையாது, பக்கத்திலேயே இருங்கள் என்றார். இதைச் சொல்ல அவருக்கு எத்தனை வருஷப் படிப்பு தேவைப்பட்டதோ! நான் பக்கத்தில்தானே இருந்தேன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் பக்கத்திலேயே இருந்தேன். ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அம்மாவை விட்டுப் போக எனக்கு முகம் இல்லை.

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தேன். வாசல் பக்கத்துக் கதிரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையை வாரி, கொண்டை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. என்னைக் கண்டதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மாதிரி என்னைப் பார்த்து அவள் முகம் மலர்ந்து நான் கண்டதே இல்லை.

"வந்துட்டியா பெரியவளே! எங்க நீ வராமலே போயிருவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். வா, வா, கோச்சிக்கு நேரமாச்சு. ரெண்டு பேரும் சேந்தே போயிருவோம்."

பெரியவள் என்றால் அக்கா. சின்னவள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்பது வயது வித்தியாசம். வேறு பிள்ளைகள் இல்லை.

"அம்மா, நான் சின்னவம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். "போடி, வெளாட்டுக்காரி! சின்னவ உள்ள படுத்திருக்கா. அவளுக்குக் காய்ச்சல்."

பையைப் பிரித்துப் பார்த்தேன். மடித்த இரண்டு சேலை, ஒரு சீப்பு, வெற்றிலைப் பொட்டலம். அம்மாவின் மனதில் அன்றைக்கு என்ன நாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அம்மா திரும்பிப் போய் நின்ற அந்த நாளில்தான் நான் என் வாழ்க்கையின் பெரிய பொய்யைச் சொன்னேன்.

அதைச் சொல்கிறேன். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் சனங்களில் இன்னார் இந்தியா, இன்னார் இலங்கை என்று பிரித்த காலம் அது. அப்பா நகரசபையில் தெருக் கூட்டுகிற வேலையில் இருந்தார். அவர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவைப் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுடைய மாமியார் வீடு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. கட்டிக் கொடுக்கும்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. எழுதிக் கொடுத்தவன் எல்லாம் போகவா போகிறான் என்றார் அப்பா. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தோட்டத்து லொறியில் கண்டி ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கோச்சியில் தலைமன்னார், தலைமன்னாரிலிருந்து கப்பல். அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது.

அம்மா மார்க்கெட்டில் ஒரு முதலாளியின் கடையில் வெங்காயம் சுத்தம் பண்ணுகிற வேலை செய்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வெங்காயம் சாக்குச் சாக்காக வரும். அழுகலைப் பொறுக்கி, தோலைப் புடைத்து, தரம் பிரிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்ச் சாக்குமேல் உட்கார்ந்திருப்பேன். அக்கா புறப்பட நாலைந்து நாள் இருக்கும்போது, கூட வேலை செய்த பெண்ணிடம் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

"அவள ஏத்திவிட்டுட்டு நான் எப்புடிக்கா திரும்பி வர்றது? நானும் அப்படியே ஏறிப் போயிருவேன் போலருக்கு."

அந்தப் பெண், "பெத்த வயிறுன்னா அப்படித்தான்" என்றாள். இரண்டு பேரும் புடைத்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்கள் அந்த மாதிரி எத்தனையோ சொல்லுவார்கள். செத்துப்போயிருவேன் என்பார்கள், சோறு தின்பார்கள். ஆனால் எனக்கு ஒன்பது வயது. அம்மா ஏறிப் போய்விடுவாள் என்று சொன்னால் ஏறிப் போய்விடுவாள் என்றுதான் அர்த்தம். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாவின் சேலைத் தலைப்பை என் விரலில் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

அக்குளில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். சோதனைக்குப் பயந்து ஒருத்தி அதைச் செய்து இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். அக்கா போகிற அன்று விடியக்காலையில், குசினியில் இருந்த வெங்காயத்தில் இரண்டை எடுத்து, பல்லால் கடித்துத் தோலை உரித்து, இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டேன். போதாது என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாசம் வருமே என்ற பயம் எனக்கு இல்லை. அம்மாவின் கையே எந்நேரமும் வெங்காய வாசம்தான். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

காய்ச்சல் வந்ததோ, அடுப்புச் சூடோ, பயமோ, உடம்பு கொதித்தது. அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து என் நெற்றியில் கை வைத்தாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அப்பாவிடம், "நீங்க போய் ஏத்தி விட்டுட்டு வாங்க. புள்ளைக்கு உடம்பு நெருப்பாச் சுடுது. நான் வரல" என்றாள்.

அப்பா, "பெரியவ ஒன்னத் தேடுவாளே" என்றார்.

"தேடட்டும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

பத்து மணிபோலக் கோச்சி ஊதியது. அம்மா ஈரத்துணியை என் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அவள் கை நின்றது. சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றது. அப்புறம் துணியை மறுபடியும் நனைத்துப் பிழிந்து போட்டாள். அப்பா மத்தியானம் வந்து சட்டையைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்தார். "கடைசி வரைக்கும் அந்தக் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னா. அம்மா வரும், அம்மா வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். அம்மா எழுந்து குசினிக்குள் போனாள். நான் கம்பளிக்குள் இருந்தபடி இரண்டு வெங்காயத்தையும் எடுத்துப் பாய்க்குக் கீழே தள்ளினேன்.

மூன்றாம் வருஷம் ஒரு தபால் அட்டை வந்தது. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா பிரசவத்தில் இறந்துபோனாள், பிள்ளையும் தங்கவில்லை. அட்டை வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நின்றுகொண்டு சத்தமாக வாசித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. வாசித்து முடிந்ததும் அம்மா, "இன்னொருக்கா வாசி" என்றாள். இன்னொருக்கா வாசித்தேன்.

சொல்ல வேண்டும் என்று நினைத்த நாட்களுக்குக் கணக்கில்லை. பெரிய பிள்ளையான அன்று நினைத்தேன். வேலை கிடைத்த அன்று நினைத்தேன். அப்பாவின் காரியம் முடிந்த அன்று வாய் வரைக்கும் வந்தது. அம்மா, எனக்குக் காய்ச்சல் இல்லை, நான்தான் உன்னைப் போகவிடாமல் செய்தேன், என்னை இரண்டு அறை அறை என்று சொல்ல வேண்டும். அவள் அறைய வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் இழுத்தேன். கடைசியில் சொல்லுகிறதற்கு ஆள் இருந்தாள், கேட்கிறதற்கு ஆள் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அதேதான். கொண்டை, திருநீறு, பை, வாசல் கதிரை, "பெரியவளே, நேரமாச்சு." ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "அக்கா செத்துப்போயிட்டாம்மா! எப்பவோ செத்துப்போயிட்டா!" என்று கத்திவிட்டேன். அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள் பாருங்கள், தபால் அட்டை வந்த அன்றுகூட அப்படி அழவில்லை. சந்தில் இருக்கிற அத்தனை பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, "பெரியவளே, கோச்சி போயிரும்டி" என்றாள். என் அக்கா இரண்டாம் முறை செத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவளாகவே இருந்தேன்.

இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன என்று தெரியும். எங்கள் அலுமாரியில் அக்காவின் ஒரு படம் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் மிஞ்சியது. நடு வகிடு எடுத்து, கண்ணை அகல விழித்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பக்க வகிடு. அம்மா ஒரு நாள் சீப்பை எடுத்து, "இது என்னடி கோணலா" என்று என் தலையில் நடு வகிடு எடுத்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போனேன். ஒரு நாள் அலுமாரிக் கண்ணாடியில் என்னைத் திடீரென்று கண்டு, 'யாரது?' என்று கேட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம்தான் நின்றேன். அக்காவுக்கு ஐம்பது வயது ஆகியிருந்தால் எப்படி இருப்பாளோ அது கண்ணாடிக்குள் நின்றது.

அம்மா அவளுக்கு ஊட்டிவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். "ஒடம்பப் பாத்துக்கடி, அங்க குளிராம்" என்று நூறு முறை சொன்னாள். இடைக்கிடை, "சின்னவ எங்க?" என்று கேட்பாள். "பள்ளிக்கூடம் போயிருக்காம்மா" என்பேன். "காய்ச்சலோடயா?" என்று கவலைப்படுவாள். செத்துப்போனவள் வீட்டில் இருந்தாள், உயிரோடு இருக்கிற நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். எனக்குப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்தவளை ஒரு நாளாவது இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாளா? ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராதபோது, வீட்டுக்குள் அக்கா எனக்கு முன்னால் நடந்து போவதாகத் தோன்றும். நான் எந்த இடத்தில் நிற்கப் போனாலும் அங்கே அவள் முதலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெண் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவர்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள், அதனால் எனக்கும் அவள் தாத்தாதான். நான் பள்ளிக்கூடம் போகிற நேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். சால்வை வாங்கி வந்த மறுநாள் காலை, அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெங்காயத்தைத் தவிர எல்லாவற்றையும்.

"அட புள்ள, இதுக்குப் போய் இப்படி மண்டைய ஒடைச்சிக்கிறீங்களே" என்றாள் தாத்தா. "ஒரு நாளைக்கி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்க் காட்டிட்டு வாங்களேன். அவங்க மனசு அங்கதானே நிக்குது? அந்த மனசுக்கு ஒருக்கா கோச்சியக் காட்டினா என்ன கொறஞ்சி போகப் போகுது?"

"ஏறிட்டாங்கன்னா?"

"ஏறினா நீங்களும் ஏறுங்க. பேராதெனிய வரைக்கும் போய் இறங்கி பஸ்ல வாங்க. அல்லாவே, நாப்பது வருஷமா டீச்சர், இது தெரியாதா?"

இருபத்தைந்து வருஷம்தான், அவள் எப்போதும் பத்துப் பதினைந்து கூட்டித்தான் சொல்லுவாள். ஆனால் சொன்னது சரி. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை, அம்மா கொண்டை போட்டுப் பையோடு உட்கார்ந்ததும், "வாம்மா, போவோம்" என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். படியில் அவளை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் தாத்தாவும் பிடித்து இறக்கினோம். கீழே த்ரீவீலர் நின்றது. எங்களை ஏற்றிவிட்டுத் தாத்தா வீட்டுக்குத் திரும்பினாள். பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மனதுக்குள், இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடுவேன், யாராக நினைத்துக் கேட்டாலும் சரி, சொல்லிவிடுவேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஸ்டேஷன் உள்ளே கொழும்புக்குப் போகிற கோச்சி நின்றது. புறப்பட இன்னும் நேரம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் கொஞ்சப் பேர் முதுகில் மூட்டையோடு நின்றார்கள். மற்றபடி ஆள் குறைவு. அம்மாவை வாங்குப் பலகையில் உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். அம்மா கூட்டத்தில் ஆள் தேடுகிறவள்போல அங்கும் இங்கும் பார்த்தாள்.

"ஒன் மாமியா வீட்டு ஆளுக எல்லாம் ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்கம்மா."

"தகரப்பொட்டி?"

"அதையும் ஏத்தியாச்சு."

"கம்பளி எடுத்துக்கிட்டியா? அங்க குளிராம்."

"எடுத்துக்கிட்டேன்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு. "ஏம்மா, சின்னவளுக்கு நெசமாவே காய்ச்சலா?" என்று கேட்டேன். அக்காவின் வாயால் கேட்டேன். அதைவிடக் கோழைத்தனம் உண்டா?

அம்மா சிரித்தாள். பல் இல்லாத வாயைத் திறந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். "காய்ச்சலா? வெங்காயக் காய்ச்சல்! எத்தன மூட்ட வெங்காயம் பொடைச்சவ நானு, எங்கிட்டயே வெங்காயத்த வச்சு ஏமாத்தப் பாக்குறா சிறுக்கி. கிட்ட போயி நெத்தியில கைய வச்சேன். குப்புன்னு அடிச்சுச்சு. கடிச்சு உரிச்ச வெங்காயம் ஒரு வாசம், புடைச்ச வெங்காயம் ஒரு வாசம். எனக்குத் தெரியாதா?"

கோச்சிப் பக்கம் யாரோ சிங்களத்தில் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். "தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா நீ என்னை அனுப்ப வரல?" என்றேன்.

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். மடியில் இருந்த பையைத் தடவினாள். நான் இத்தனை மாதமும் தினமும் பிரித்துப் பிரித்து அலுமாரிக்குள் வைத்த அதே பை. உள்ளே இருக்கிற இரண்டு சேலையும் அக்காவுக்குக் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இது ஒனக்கில்லடி. எனக்கு" என்றாள். "வெடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு மடிச்சு வச்சுட்டேன். ஒங்கப்பனுக்குத் தெரியாது. ஒன்ன ஏத்திவிட வந்தா நானும் ஏறிருவேன், எனக்குத் தெரியும். கப்பல்ல விடமாட்டாங்கன்னும் தெரியும். ஆனாலும் ஏறிருவேன். சின்னவள விட்டுட்டே ஏறிருவேன். அவளுக்கு ஒரு பாவாட கூட நான் பையில வைக்கல."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவ நெத்தியில கைய வச்சப்ப, ஐயையோ, இந்தப் பாவி மகளுக்குத் தெரிஞ்சிருச்சேன்னு நெனச்சேன். தெரிஞ்சதுனாலதான் வெங்காயத்த வச்சுக்கிட்டுக் கெடக்குது. அப்புறம் எப்புடிடி வர்றது? நீ சொல்லு. அதையும் மிதிச்சுட்டு எப்புடி வர்றது?"

நாற்பது வருஷமாக ஒன்பது வயதுப் பிள்ளையின் முட்டாள்தனம் என்று நான் நினைத்திருந்த பயம் பொய் இல்லை. அம்மா ஏறிப் போகத்தான் இருந்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. என்னை விட்டுப் போக எப்படியம்மா மனசு வந்தது என்று அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கி யாரைக் கேட்பது? நான் அங்கே சின்னவளாகவே இல்லையே.

"அவகிட்ட சொல்லிறாத" என்றாள் அம்மா. "தாங்க மாட்டா. அவ கொஞ்சம் கோவக்காரி."

"சொல்லமாட்டேம்மா" என்றேன்.

கோச்சி ஊதியது. இத்தனை பக்கத்தில் அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா ஏறப் போகிறாள் என்று நினைத்து அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். அம்மா எழுந்தாள். ஆனால் கையை உதறிவிட்டு, என்னைத்தான் பெட்டியின் பக்கம் தள்ளினாள்.

"ஏறுடி. ஏறு. நான் வீட்டுக்குப் போறேன். சின்னவ தனியாக் கெடக்குறா."

"அம்மா..."

"ஏறுன்னா ஏறு!"

ஏறினேன். வேறு என்ன செய்வது? படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி, கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். கால் இழுத்தது. ஆனாலும் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அக்கா கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்ற கேட் அதுதான். அக்காவுக்குக் கடைசி வரைக்கும் அந்தக் கேட்டில் யாரும் தெரியவில்லை. எனக்கு அம்மாவின் முதுகு தெரிந்தது. அவள் போவது என்னிடம்தான் என்று எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது.

கோச்சி அசைந்தது. ஐம்பது வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே குதித்தேன். கார்ட் கத்தினான். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போயிற்று. அதை எடுக்காமல் ஓடினேன்.

அம்மா ஸ்டேஷனுக்கு வெளியே, த்ரீவீலர்கள் நிற்கிற இடத்தில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். நான் மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றேன். முகமெல்லாம் வியர்வை. தலை கலைந்து நடு வகிடு எங்கே போனதோ. அம்மா என்னைப் பார்த்தாள். புறங்கையை என் கழுத்தில் வைத்தாள். நெற்றியில் வைத்தாள்.

"இப்புடிச் சுடுதே!" என்றாள். "காய்ச்சலோட எதுக்குடி சின்னவளே இம்புட்டுத் தூரம் எறங்கி வந்த?"

"நீ வருவியோ மாட்டியோன்னு பாக்க வந்தேம்மா."

"அதான் வந்துட்டேன்ல" என்றாள் அம்மா. "வா."